ஈட்டி முனையில் சிலந்தி விஷம் ஏற்ற முடியுமா? தொட்டி கட்டப் போய் ஆயுதக் கிடங்கே மூழ்கிவிட்டது

மண்வெட்டி:

வணக்கம் நண்பர்களே. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற, குள்ளர்களை வைத்துக் கோட்டை நடத்தும் கணினி விளையாட்டு, ஸ்டீம் பதிப்பு, ஆறு மாதமாக விளையாடுகிறேன். இது நான்காவது கோட்டை. குகைகளைத் திறந்த பிறகும் ஒரு கோட்டை பிழைத்திருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை, அதனால் இதை விட்டுவிட மனசே இல்லை.

போன வாரம் குகை வாசலில் வைத்திருந்த கூண்டுப் பொறியில் ராட்சதக் குகைச் சிலந்தி ஒன்று விழுந்தது. பார்த்ததுமே தோன்றியது இதுதான்: இதன் விஷத்தைச் சேர்த்து ஒரு தொட்டியில் நிரப்பி, என் 12 ஈட்டிக்காரர்களின் ஈட்டிகளை அதில் முக்கி எடுத்தால், அடுத்த முறை காப்லின் என்ற எதிரி இனத்தின் படை வரும்போது ஒரு குத்திலேயே விழுவார்களே. அதற்காக ஆயுதக் கிடங்குக்கு நேர் கீழே ஒரு தளம் இறங்கி 3க்கு 3 தொட்டி வெட்டினேன், மேலே கிடங்கின் தரையில் ஒரு திறப்பு. விஷம் இன்னும் கையில் இல்லையே, தண்ணீரை விட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி இறக்கினேன். ஆறு கிடங்குக்கு 5 தளம் மேலே ஓடுகிறது. தொட்டி நிறைந்ததும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. திறப்பு வழியாகப் பொங்கி மேலே வந்து கிடங்கு முழுக்க 7/7, அதாவது முழு ஆழம். இரண்டு பேர் செத்துப்போனார்கள், அதில் ஒருத்தி முதல் நாளில் வந்த ஏழு பேரில் ஒருத்தியான ஆயுதக் கொல்லர். வாய்க்காலை எப்படியோ அடைத்துவிட்டேன், ஆனால் என்ன நடந்தது என்றே புரியவில்லை.

கேட்க வேண்டியது நான்கு. சிலந்தி விஷத்தைப் பீப்பாயில் பிடிக்க வழி உண்டா? பம்பு வைத்தால் அது ஏறுமா? தண்ணீர் ஏன் மேலே வந்தது? வடிசாலையில் செடியிலிருந்து சாறு எடுக்கும் வேலை ஒன்று இருக்கிறதே, அதில் வரும் நோம்பிளைட் விஷம்தானே, அது உதவுமா?

கருங்கல்:

கொல்லர் போனது பெரிய இழப்பு, வருந்துகிறேன். தொட்டி யோசனை நடக்காது. ஏன் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் இந்த விளையாட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த விளையாட்டில் ஓடுகிற திரவம் இரண்டே இரண்டுதான்: தண்ணீர், மாக்மா. இவற்றுக்கு மட்டும்தான் ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 7 வரை ஆழம் உண்டு, பரவும், விழும், பம்பில் ஏறும். ரத்தம், வாந்தி, விஷம், சிந்திய சாராயம் எதுவும் அந்தக் கணக்கில் வராது. அவை கறை. தரையிலோ உடம்பிலோ பொருளிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பூச்சு, அவ்வளவுதான். திரையில் குளம் போலத் தெரிந்தாலும் அதற்கு ஆழம் கிடையாது. நூறு சிலந்தியின் விஷத்தை ஒரே இடத்தில் கொட்டினாலும் 1/7 கூட ஏறாது. கோட்டை ஆட்டத்தில் "இந்த ஆயுதத்தில் இதைத் தடவு" என்று ஒரு கட்டளையும் இல்லை. நோம்பிளைட் கோபோல்ட் பல்ப் என்ற செடியிலிருந்து எடுப்பது, குப்பியில் அடைபடும், ஆனால் அது பிடிப்பது நோம் என்ற இனத்தை மட்டும்தான். காப்லினுக்கு ஒன்றும் செய்யாது.

கறையாக இருந்தால் வேலையே செய்யாது என்று அர்த்தமில்லை. விஷம் ஒருவரைப் பிடிக்க நான்கு வழி இருக்கிறது: உடம்புக்குள் செலுத்தப்படுவது, தோலில் படுவது, மூச்சில் போவது, வாயில் போவது. எந்த விஷம் எந்த வழியில் பிடிக்கும் என்று அந்த உயிரினத்தின் கோப்பிலேயே எழுதியிருக்கும், உரைக் கோப்புதான், திறந்து படிக்கலாம். ராட்சதக் குகைச் சிலந்தியுடையது முதல் வகை, உள்ளே செலுத்தினால்தான். அதன் விஷம் சிந்திய தரையில் குள்ளர்கள் நாள் முழுக்க நடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கடித்துவிட்டால் உடம்பு செயலிழந்து, மூச்சுவிட முடியாமல் சாவார்கள். உடம்பு பெரிதாக ஆக வேகம் குறையும், அதையும் அந்தக் கோப்பில் பார்க்கலாம்.

வாய்வழி விஷத்துக்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் பூனைகள். 2015 டிசம்பரில் மதுக்கூடங்கள் சேர்ந்த பதிப்பு வந்த கையோடு, பூனைகள் காரணமே இல்லாமல் வாந்தியெடுத்துச் சாக ஆரம்பித்தன. கடைசியில் விளையாட்டை எழுதிய டார்ன் ஆடம்ஸ் தோண்டிப் பார்த்தபோது விஷயம் இப்படி: குடிக்கிறவர்கள் சாராயத்தைத் தரையில் சிந்துகிறார்கள், பூனை அதன் மேல் நடக்கிறது, பாதத்தில் கறை ஒட்டுகிறது, பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் என்று முன்பே எழுதி வைத்திருந்ததால் அந்தக் கறை வயிற்றுக்குள் போகிறது. ஒட்டியது ஒரு துளி, ஆனால் கணக்கில் முழுக் கோப்பை குடித்ததாக ஏறிவிட்டது. அந்தச் சின்ன உடம்புக்கு அது தாங்கவில்லை. யாரும் பூனைக்கு விஷம் வைக்கும் விதி எழுதவில்லை, நான்கு தனித்தனி விதிகள் சேர்ந்து இதைச் செய்தன. எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கும் பிரியத்துக்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் காரணம்.

சரி, ஈட்டிக்கு வருவோம். தோலைக் கிழித்து ரத்தம் வரவைக்கும் ஆயுதத்தில் அந்த மாதிரி கறை ஒட்டியிருந்தால் அது காயத்துக்குள் போகும். சுத்தியல் போன்ற மழுங்கிய ஆயுதத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆனால் ஈட்டியில் அந்தக் கறையை ஏற்ற கோட்டை ஆட்டத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே வழி தற்செயல்தான். 12 பேருக்கும் சீராக ஏற்றி அதை நம்பிப் போருக்குப் போவது நடக்கிற காரியம் இல்லை. அப்புறம், நடமாடும் பிணங்கள் மேலும் வெண்கலப் பூதத்தின் மேலும் இந்த விஷம் பலிக்காது.

ஏழுக்குஏழு:

தண்ணீர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதே தப்பில் நான் மூன்று கோட்டைகளை இழந்திருக்கிறேன்.

உங்கள் தொட்டியில் தப்பில்லை. தண்ணீருக்கு அழுத்தம் உண்டு என்பதுதான் விஷயம். 7/7 நிறைந்த பாதை வழியாக மேலேயிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால், மறுமுனையில் கிடைக்கும் எந்தத் திறப்பு வழியாகவும் அது ஆற்றின் மட்டம் வரை ஏறப் பார்க்கும். ஆறு 5 தளம் மேலே, கிடங்கு நடுவில், திறப்பு கிடங்கின் தரையில். அது பொங்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கிணறு வெட்டுகிற எல்லாரும் முதல் தடவை இதில்தான் மாட்டுவார்கள்.

தீர்வு ரொம்ப எளிது. மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கட்டங்கள் வழியாகத் தண்ணீர் போகும், ஆனால் அழுத்தம் போகாது. வாய்க்காலைக் கிழக்காக வெட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் நேர் கிழக்குக் கட்டத்தை விட்டுவிட்டு, தென்கிழக்குக் கட்டத்திலிருந்து தொடருங்கள். நேர் கிழக்கும் நேர் தெற்கும் பாறையாகவே நிற்க வேண்டும். அவ்வளவுதான், அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் சாதாரணமாக ஓடி, அந்தத் தளத்தை நிறைத்து நின்றுவிடும், மேலே ஏறாது. ஒரே ஒரு கட்டம் தள்ளி வெட்டுவதுதான் வித்தியாசம். உங்கள் கொல்லரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மாக்மா இப்படி இல்லை. அதற்குத் தானாக அழுத்தம் கிடையாது, தன் தளத்திலும் கீழேயும் பரவும், மேலே ஏறாது. பம்பு தள்ளினால் மட்டும் அதுவும் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளும், அங்கே கவனம். பம்பு தனக்கு ஒரு தளம் கீழே இருப்பதை உறிஞ்சித் தன் தளத்தில் மறுபக்கம் தள்ளும், ஒன்றுக்கு 10 சக்தி. ஒரு நீர்ச்சக்கரம் 100 தரும், தனக்கு 10 எடுத்துக்கொள்ளும், ஆக ஒரு சக்கரத்துக்கு 9 பம்பு. மாக்மா என்றால் பம்பின் பாகம் ஒவ்வொன்றும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும், ஒரு மரத் திருகு கலந்திருந்தால் போச்சு. பம்புக் கோபுரம் கட்டப் பொறுமை இல்லையென்றால் சுரங்க வண்டியை மாக்மாவில் முக்கி எடுக்கலாம், ஒரு வண்டி கொட்டினால் 2/7 வரும். வண்டியும் இரும்பாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நேரக் கணக்கு, பொறி கட்டும்போது உதவும். நெம்புகோலை இழுத்ததும் கதவும் தரைக்கதவும் உடனே திறக்கும். மதகும் பாலமும் 100 டிக் (விளையாட்டின் மிகச் சிறிய நேர அலகு) தாமதித்துத்தான் நகரும். காப்லின்கள் பாதியில் தப்பிப்பது பெரும்பாலும் இந்த 100 டிக்கில்தான்.

மண்வெட்டி:

மூலை விஷயம் இப்போதுதான் புரிகிறது, வாய்க்காலைத் திரும்ப வெட்டிப் பார்த்தேன், கிடங்குத் தரை காய்ந்தே இருக்கிறது. ரொம்ப நன்றி.

ஆனால் விஷத்தை விட மனசு வரவில்லை. கறை தண்ணீரில் கலக்குமா? சிலந்தியைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெட்டிப் போட்டால் அந்தத் தண்ணீரே விஷத் தண்ணீர் ஆகாதா, அதை வாசலில் திறந்துவிடலாமே? அப்புறம் குகையில் மறக்கப்பட்ட மிருகம் ஒன்று வந்திருப்பதாக அறிவிப்பு வந்திருக்கிறது, கொடிய தூசியைக் கக்கும் என்று விவரத்தில் போட்டிருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

நடைக்குளம்:

தயவுசெய்து அந்த மிருகத்தை வைத்து எதுவும் செய்யாதீர்கள். இதைப் பற்றி எழுதத்தான் உள்ளே வந்தேன்.

தண்ணீரில் கலப்பது பற்றி முதலில். கறை தண்ணீரில் சேரும், அதை மொண்டால் "இன்னது கலந்த தண்ணீர்" என்றே பொருளின் பெயரில் காட்டும். ரத்தக்காட்டேரியின் ரத்தத்தைக் கிணற்றுத் தண்ணீரில் சேர்த்துக் குள்ளர்களைக் குடிக்கவைத்து, வேண்டுமென்றே காட்டேரி ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பலிப்பதற்குக் காரணம், அந்த ரத்தம் வாய்வழியாகப் பிடிக்கும் வகை. உங்கள் சிலந்தி விஷம் செலுத்தினால் மட்டும் பிடிக்கும் வகை, அதனால் காப்லின்களை அந்தத் தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தினாலும் பயனில்லை. வழி பொருந்தாவிட்டால் எவ்வளவு கலந்தாலும் வெறும் தண்ணீர்தான்.

இப்போது மறக்கப்பட்ட மிருகம். இவற்றின் விஷம் ஒவ்வொரு உலகத்திலும் புதிதாக உருவாக்கப்படுகிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. எனக்கு வந்தது தோலில் பட்டாலே பிடிக்கும் வகை. என் படை அதைக் குகை நடைபாதையில் கொன்றது, ஒருவருக்கும் காயமில்லை, நானும் சந்தோஷமாக எல்லாரையும் ஓய்வுக்கு அனுப்பினேன். அவர்கள் உடம்பிலும் காலணியிலும் கறை. அப்படியே படியேறி, நேராக உணவுக் கூடத்துக்கு. அடுத்த சில நாட்களில் ஒவ்வொருவராகக் கை கால் அழுகத் தொடங்கியது, சண்டைக்கே போகாத தச்சருக்கு, பால் கறக்கிறவருக்கு, ஒரு குழந்தைக்கு. ஒரு பெண்ணின் விவரத்தைத் திறந்து பார்த்தேன்: இடது பாதத்தில் அந்த மிருகத்தின் விஷப் பூச்சு, பாதம் அழுகல், அதற்குக் கீழேயே அவள் மனநிலையில் "நல்ல உணவு உண்டதில் மகிழ்ச்சி" என்று இருந்தது. அவளுக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கே தெரியாது. 90 பேர் இருந்த கோட்டை, குளிர்காலம் முடிவதற்குள் 31.

அதிலிருந்து எந்தக் கோட்டையிலும் முதல் குகை வாசலுக்கு முன்னால் நான் கட்டுவது ஒரு கழுவும் குளம். அந்த வழியாக வருகிறவர் எல்லாரும் அதில் இறங்கி நடந்துதான் உள்ளே வர முடியும். 3/7 ஆழம் வரை குள்ளர்கள் சாதாரணமாக நடப்பார்கள், 4/7 ஆகிவிட்டால் நீந்த வேண்டியிருக்கும், அந்த வழியையே தவிர்ப்பார்கள். அதனால் சரியாக 3 வேண்டும், அதைக் கணக்குப் போட்டே கொண்டுவரலாம்.

ஒரு கட்ட அகல நடைபாதையை ஒரு தளம் கீழே இறக்குங்கள்: இறங்கும் சரிவு, ஒரு தரைக் கட்டம், ஏறும் சரிவு. அது 3 கட்டம். நடுக் கட்டத்தின் பக்கத்தில் ஒரு மதகு, மதகுக்குப் பின்னால் 3 கட்டத் தொட்டி, எல்லாம் அதே கீழ்த் தளத்தில். மதகை மூடி வைத்துத் தொட்டியை மட்டும் வாளியாலோ வாய்க்காலாலோ 7/7 நிரப்புங்கள். 3 கட்டம், கட்டத்துக்கு 7, மொத்தம் 21. பிறகு உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு மதகைத் திறந்துவிடுங்கள். தொட்டி 3, மதகு நின்ற இடம் 1, நடைபாதை 3, ஆக 7 கட்டத்தில் 21 பரவும். கட்டத்துக்கு 3. தொட்டியை ஒரு கட்டம் பெரிதாக வெட்டிவிட்டால் 8 கட்டத்தில் 28 பரவி 4/7 வரை போய்விடும், நானும் முதல் தடவை அப்படித்தான் வெட்டினேன், யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. ஆழம் 1க்கு இறங்கினால் தண்ணீர் ஆவியாகத் தொடங்கும், 3ல் நின்றால் அந்தப் பயம் இல்லை.

இதோடு சோப்பும் செய்து வையுங்கள், குளத்தில் போகாததைத் தாங்களாகவே கழுவிக்கொள்வார்கள். மிருகம் செத்த நடைபாதையைச் சுவர் வைத்து மூடிவிடுங்கள். அங்கே கிடக்கும் ஆயுதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடுக்கத் தடை போட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் எடுக்கப் போனால் போதும்.

கருங்கல்:

நடைக்குளம் சொன்னதைக் கேளுங்கள். அந்தத் தூசி வகை இன்னும் மோசம், மூச்சிலும் போகலாம் தோலிலும் படலாம், நெருங்கிச் சண்டை போடவே முடியாது. குறுக்குவில்காரர்களைத் தூரத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் குகை வாசலை மூடிவிட்டுக் காத்திருங்கள்.

சிலந்திக்கு வேலை இருக்கிறது, அதை வெட்டாதீர்கள். கூண்டை நெம்புகோலோடு இணைத்து, நுழைவு நடைபாதையைப் பார்த்தபடி அம்புத் துளைச் சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் வைத்து அவிழ்த்துவிடுங்கள். எதிரியைப் பார்த்ததும் துளை வழியாக வலை வீசும். வலையில் சிக்கியவர்கள் நகர முடியாது, பொறிகளைத் தாண்டிப் போகும் ஜந்துக்கள்கூட வலையில் சிக்கியிருந்தால் கூண்டுப் பொறியில் விழும். அறையை நாற்புறமும் பாறையாக விட்டு, துளைச் சுவருக்கு முன்னால் தூக்கு பாலம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பாலம் தூக்கியிருக்கும்போது அது யாரையும் பார்க்காது, உங்கள் ஆட்களும் பத்திரம், ஏனென்றால் அது பழகாத மிருகம், உங்கள் ஆட்களையும் விடாது. போர் இல்லாத நாளில் வலையைப் பட்டாக எடுக்கலாம், சிலந்திப் பட்டுகளில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஏழுக்குஏழு:

அதே நடைபாதைக்கு என் யோசனை: மேல்கூரை உள்ள நீண்ட வழி, இரண்டு முனையிலும் தூக்கு பாலம், நடுவில் மூலை வெட்டு இல்லாத வாய்க்கால். கிடங்கை மூழ்கடித்த அதே அழுத்தம் இங்கே உங்களுக்காக வேலை செய்யும், கூரை வரை 7/7 நிறைந்துவிட்டால் மூச்சுவிடுகிற எதுவும் பிழைக்காது. வடிக்க ஒரு மதகு கீழே வையுங்கள்.

மாக்மாவை விட்டால் இன்னும் வேகமாக முடியும், பலர் அதைத்தான் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். மாக்மாவின் சூடு விளையாட்டின் அளவில் 12000. செம்பு 11952ல் உருகும், வெள்ளியும் வெண்கலமும் அதற்கும் முன்பே. இரும்பு 12768 என்பதால் தப்பிக்கும். காப்லின்கள் கொண்டுவரும் செம்பும் வெள்ளியும் துணிமணியும் எல்லாம் போய்விடும். தண்ணீரில் முடித்தால் எல்லாம் ஈரமாகக் கிடக்கும், பொறுக்கி உருக்கிக்கொள்ளலாம். ஆயுதக் கொல்லரை இழந்தவருக்கு ஆயுதம் வரும் வழி இதுதான்.

மண்வெட்டி:

குகை வாசலை மூடிவிட்டேன். கழுவும் குளம் வெட்டி முடிந்தது, மதகைத் திறந்து பார்த்தேன், ஏழு கட்டமும் 3 காட்டுகிறது. விஷ ஈட்டியை விட்டுவிட்டேன். தொட்டியைத் தூர்க்கவில்லை, அதற்கு மேலே கிணறு கட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை மூலை வெட்டோடு. கொல்லருக்கு அந்தக் கிடங்குக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லறை அறை செதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சிலந்தி அறைக்குப் பாறைத் தரையே போதுமா, இல்லை உள்பக்கம் சுவரும் கட்ட வேண்டுமா?

கருங்கல்:

வெட்டாத பாறை போதும். நெம்புகோலை மட்டும் அந்த அறையிலிருந்து பார்வை எட்டாத இடத்தில் வையுங்கள்.